லண்டனில் நல்ல இந்திய உணவகம் தேடுவோருக்கு: கேள்வி பதில்

லண்டனுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் உணவகங்களைப் பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் சமையல்காரனும் அல்லன், கடை நடத்துபவனும் அல்லன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரில் ரயிலேறிப் போய்ச் சாப்பிட்டவன் என்பதே என் தகுதி.

கேள்வி (ஸ்ட்ராட்ஃபோர்டில் தங்கிப் படிக்கும் மாணவர்): ஐயா, கைப்பேசி வரைபடத்தில் 'இந்தியன் ரெஸ்டாரன்ட்' என்று தேடினால் நூற்றுக்கணக்கான கடைகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் நான்கரை நட்சத்திரம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் தேடும் சொல்லை மாற்றுங்கள். 'இந்தியன்' என்பது பெயர்ப்பலகைக்கு உரிய சொல்லே தவிர, ஒரு சமையலின் பெயர் அன்று. அந்தப் பலகைக்குப் பின்னால் பஞ்சாபியும் இருப்பார், குஜராத்தியும் இருப்பார், வங்கதேசத்தவரும் இருப்பார். எந்தச் சமூகம் எந்தப் பகுதியில் குடியேறியது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். சவுத்தால் பஞ்சாபியரின் ஊர். வெம்பிளியின் ஈலிங் சாலை குஜராத்தியருடையது. வொயிட்சேப்பல், பிரிக் லேன் பக்கம் வங்கதேசத்தவர் வாழ்கிறார்கள். ஈஸ்ட் ஹாமில் தமிழரும் மலையாளிகளும், டூட்டிங்கில் இலங்கைத் தமிழரும் தென்னிந்தியரும் மிகுதி. தன் ஊர்க்காரர்களுக்காகச் சமைக்கும் கடையில், சாம்பார் நீர்த்துப்போனால் முகத்துக்கு நேராகச் சொல்ல ஆள் இருக்கிறது. அந்த ஏச்சுக்குப் பயந்தே கடை ஒழுங்காக நடக்கும்.

உங்களுக்கு ஈஸ்ட் ஹாம் மிக அருகில் இருக்கிறது. ஜூபிலி தடத்தில் அடுத்த நிறுத்தமான வெஸ்ட் ஹாமில் இறங்கி, டிஸ்ட்ரிக்ட் தடத்துக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஹை ஸ்ட்ரீட் நார்த். புடவைக்கடை, நகைக்கடை, முருங்கைக்காய் விற்கும் காய்கறிக்கடை, மகாலட்சுமி கோயில் எல்லாம் அந்தத் தெருவிலேயே இருக்கின்றன. சென்னைச் சங்கிலி உணவகங்களின் கிளைகளும் கேரளத் தட்டுக்கடைப் பாணிச் சிறு கடைகளும் அங்கே அடுத்தடுத்து உண்டு. முதல் முறை போகும்போது பிரியாணி கேட்காதீர்கள். இரண்டு இட்லியும் ஒரு வெறும் தோசையும் கேளுங்கள். புளிப்பு அளவோடு இருக்கிறதா, தேங்காய்ச் சட்னி அன்று அரைத்ததா என்பதை மசாலாவைப் போட்டு மறைக்க முடியாது. சனி, ஞாயிறு காலையில் கூட்டம் இருப்பதால் ஈடு ஈடாக இட்லி இறங்கிக்கொண்டே இருக்கும். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அதே இட்லியைக் கேட்டால், எப்போதோ அவித்ததைச் சூடுபடுத்திக் கொடுக்க வாய்ப்பு அதிகம்.

நட்சத்திரங்களைக் கூட்டிப் பார்ப்பதை விட, அண்மையில் எழுதப்பட்ட கருத்துகளை மட்டும் படியுங்கள். 'ஆம்பியன்ஸ் அருமை' என்று எழுதியவரை விட்டுவிட்டு, 'மீன் குழம்பில் குடம்புளி போட்டிருந்தார்கள்' என்று எழுதியவரை நம்புங்கள். பெயர் அப்படியே இருக்க, சமையல்காரர் மாறிவிட்டால் கடையே வேறு கடையாகிவிடும். ஒருமுறை நான் வாயாரப் புகழ்ந்த ஒரு கடைக்கு நண்பரின் குடும்பத்தையே அழைத்துச் சென்றேன். ரசம் வெந்நீர் போல் வந்தது. விசாரித்தபோது, பழைய மாஸ்டர் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது என்றார்கள். அந்த நண்பர் இன்றும் உணவகம் பற்றி என்னிடம் கேட்பதில்லை.

கேள்வி (அலுவலக நண்பர்களுடன் பிரிக் லேன் சென்றவர்): 'மெட்ராஸ் கறி' என்று பட்டியலில் இருந்ததைக் கண்டு ஆசையாக வாங்கினேன். நான் பிறந்து வளர்ந்த சென்னையில் இப்படி ஒன்றைச் சாப்பிட்டதே இல்லை. ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்றவில்லை, அது வேறு ஒரு சமையல். பிரிட்டனில் 'இந்தியன்' என்று பெயர் வைத்திருக்கும் பழைய பாணி உணவகங்களில் பெரும்பாலானவற்றைத் தொடங்கி வளர்த்தவர்கள் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியினர். அவர்களில் முன்னோடிகள் பலர் கப்பல்களில் வேலை செய்ய வந்து, துறைமுகத்தில் இறங்கித் தங்கிவிட்டவர்கள். வெங்காயத்தை வேகவைத்து அரைத்த ஒரு பொதுக் குழம்பை முன்கூட்டியே அண்டா அளவில் தயாரித்துக்கொண்டு, ஆங்கிலேய வாடிக்கையாளர் கேட்டவுடன் அதிலிருந்து பத்து வகைக் கறிகளைச் சில நிமிடங்களில் ஆக்கித் தரும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள். அந்த முறையில் ஊர்ப் பெயர்கள் காரத்தின் படிகளாக மாறிவிட்டன. குருமா என்றால் காரமே இல்லை, மெட்ராஸ் என்றால் காரம், விண்டாலு என்றால் அதற்கும் மேல், ஃபால் என்றால் பந்தயம் கட்டிச் சாப்பிடும் அளவு. கோவாவின் உண்மையான விண்டாலு, போர்ச்சுகீசியர் கொண்டுவந்த பூண்டும் காடியும் சேர்ந்த இறைச்சிப் பக்குவம் என்பதை இந்தப் பட்டியலைப் பார்த்து யாரும் ஊகிக்க முடியாது.

இந்தச் சமையலுக்கும் ஒரு மரியாதை உண்டு. 2001இல் அன்றைய வெளியுறவு அமைச்சர் ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவை உண்மையான பிரிட்டிஷ் தேசிய உணவு என்று ஓர் உரையில் குறிப்பிட்டார். அதை அதுவாகவே சாப்பிட்டால் குறையில்லை. சென்னையை அதில் தேடுவதுதான் சிக்கல். பிரிக் லேனுக்குப் போவதானால், வாசலில் நின்று தள்ளுபடி சொல்லிக் கையைப் பிடித்து இழுக்காத கடையாகப் பார்த்து, வங்காளிகள் தாமே உண்ணும் மீன் கறியும் பருப்பும் மசித்துச் செய்யும் பர்த்தாவும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். சில கடைகளில் பட்டியலில் இல்லாமல் அடுக்களையில் மட்டும் இருக்கும்.

பெயரைக் கண்டு ஏமாறும் இன்னொரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ரீஜென்ட் தெருவில் 1926இல் தொடங்கிய 'வீராசாமி' நம்மவர் தொடங்கியது அன்று. அதை நிறுவியவர் எட்வர்ட் பாமர். அதற்கும் நூறாண்டுக்கு மேல் முன்பாக, 1810இலேயே சேக் தீன் முகமது என்னும் இந்தியர் லண்டனில் 'ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்' திறந்தார். அது சில ஆண்டுகளே தாக்குப்பிடித்தது.

கேள்வி (ஹாரோவில் குடியேறிய தாய்): நாங்கள் சைவம். என் மாமியார் வெங்காயம், பூண்டும் சேர்க்கமாட்டார். அவரை வெளியே எங்கும் அழைத்துச் செல்ல முடியவில்லை அண்ணா.

பதில்: உங்கள் மாமியாருக்கு லண்டனிலேயே பொருத்தமான பகுதியில்தான் குடியிருக்கிறீர்கள் அம்மா. நீஸ்டனில் 1995இல் திறக்கப்பட்ட சுவாமிநாராயண் கோயிலுக்கு எதிரே கோயிலைச் சார்ந்த 'ஷாயோனா' உணவகம் இருக்கிறது. அங்கே வெங்காயமும் பூண்டும் அடுக்களைக்குள்ளேயே வருவதில்லை. கோயிலைப் பார்த்துவிட்டு அங்கே சாப்பிட வைத்தால் ஒரு நாள் இனிதாகக் கழியும். ஈலிங் சாலையில் ஆல்பர்ட்டன் நிலையத்திலிருந்து வடக்கே நடந்தால் குஜராத்தி சைவக் கடைகள் வரிசையாக உண்டு. ஜைனர்களுக்காக வெங்காயம், பூண்டு, கிழங்கு சேர்க்காமல் செய்து தருவது அவர்களுக்குப் பழக்கமான வேலை. ஆகவே 'ஜெயின்' என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும், நீண்ட விளக்கம் தேவைப்படாது. யூஸ்டன் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள டிரம்மண்ட் தெருவும் சைவ உணவுக்குப் பல பத்தாண்டுகளாகப் பெயர் பெற்றது.

ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். சைவமும் அசைவமும் விற்கும் கடையில் 'வெஜிடபிள் ரோல்ஸ்' வாங்கும்போது, மட்டன் ரோல்ஸ் பொரித்த அதே எண்ணெயா என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலோர் உண்மையைச் சொல்வார்கள். கேட்காதவரிடம் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

கேள்வி (யாழ்ப்பாணத்துப் பெண்ணை மணந்த மதுரைக்காரர்): என் மனைவிக்கு ஈஸ்ட் ஹாம் கடைகள் பிடிக்கவில்லை. 'எங்கட சாப்பாடு மாதிரி இல்லை' என்கிறார். எங்கே போகலாம்?

பதில்: டூட்டிங். நார்தர்ன் தடத்தில் டூட்டிங் பெக், டூட்டிங் பிராட்வே என்ற இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட நெடுஞ்சாலையில் நடந்தாலே போதும். மாலை நேரமானால் கொத்து ரொட்டி கொத்தும் இரும்புச் சத்தம் கடையைக் காட்டிக்கொடுத்துவிடும். இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் கேளுங்கள். சொதியைச் சாம்பாருக்குப் பதில் வரும் ஒன்றாக நினைத்து வாயில் வைத்தால் மதுரை நாக்குக்குச் சப்பென்று இருக்கும். அது தேங்காய்ப்பாலின் இனிமையைக் காப்பதற்கென்றே காரத்தை ஒதுக்கிய பக்குவம். இதற்கு மாறாக, இறைச்சிக் கறியில் கறித்தூளை நன்றாக வறுத்துச் சேர்ப்பதால் நிறமும் காரமும் நம்முடையதை விடக் கனமாக இருக்கும். உங்களுக்கு மனம் கேட்காவிட்டால், டூட்டிங்கிலேயே 1973 முதல் இருந்துவரும் 'ஸ்ரீ கிருஷ்ணா' கேரளச் சமையலுக்குப் பெயர் பெற்ற கடை. வீட்டில் சமாதானம் நிலைக்க ஒரு வாரம் அங்கே, மறுவாரம் இங்கே என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (குழந்தைக்கு நிலக்கடலை ஒவ்வாமை உள்ள தந்தை): கடைக்காரர் 'கடலை இல்லை' என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். பிரிட்டனில் நிலக்கடலை, கொட்டை வகைகள், பால், முட்டை, கோதுமை முதலான பசைப்புரத (குளூட்டன்) தானியங்கள் உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய விவரத்தைத் தர உணவகங்கள் சட்டப்படி கடமைப்பட்டவை. எழுத்தில் உள்ள அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். தேடித் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். 2014இல் யார்க்ஷயரில் கடலை கூடாது என்று தெளிவாகச் சொல்லி வாங்கிய கறியை உண்ட ஒருவர் இறந்துபோனார். செலவைக் குறைப்பதற்காகப் பாதாம் தூளுக்குப் பதிலாக நிலக்கடலை கலந்த தூளை உரிமையாளர் வாங்கிப் பயன்படுத்தியிருந்தார். 2016இல் அவருக்கு 6 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குருமா, பசந்தா போன்ற கெட்டிக் குழம்புகளில் இந்த ஆபத்து அதிகம். நம் சமையலும் தப்பாது. வேர்க்கடலைச் சட்னி அரைத்த மிக்ஸியிலேயே தேங்காய்ச் சட்னியும் அரைபடலாம். கோதுமை ஆகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசியும் உளுந்தும்தானே என்று தோசையை நம்பிச் சாம்பாரில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

கேள்வி: சுத்தத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உள்ளாட்சி அதிகாரிகள் சோதனையிட்டு 0 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறார்கள். பச்சையும் கறுப்புமான சிறு ஒட்டுத்தாள் வாசல் கண்ணாடியில் இருக்கும். வேல்சிலும் வட அயர்லாந்திலும் அதை ஒட்டுவது கட்டாயம், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. ஆகவே வாசலில் காணோம் என்றால், உணவுத் தர முகமையின் இணையதளத்தில் கடைப் பெயரைப் போட்டுப் பாருங்கள். நான் மூன்றுக்குக் கீழே போவதில்லை. அதே சமயம், அந்த எண்ணுக்கும் சுவைக்கும் தொடர்பில்லை. ஐந்து வாங்கிய கடையில் மிக மோசமான புளிக்குழம்பைச் சாப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: பில்லில் சேவைக் கட்டணமாக 12.5 சதவீதம் சேர்த்திருக்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: 'விருப்பத்தின் பேரில்' என்று குறிப்பிட்டிருந்தால் நீக்கச் சொல்லலாம். 2024 அக்டோபர் முதல் அந்தத் தொகை முழுவதும் ஊழியர்களுக்கே போய்ச்சேர வேண்டும் என்று சட்டம் இருப்பதால், பரிமாறியவர் நன்றாகக் கவனித்திருந்தால் நான் விட்டுவிடுவேன். ஈஸ்ட் ஹாம், டூட்டிங்கின் சிறு கடைகளில் இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது.

கேள்வி (ரெடிங்கிலிருந்து): ஊரை விட்டு வெளியே, ஒரு நாள் பயணமாகப் போய்ச் சாப்பிடத் தகுந்த இடம் உண்டா?

பதில்: லெஸ்டர். லண்டன் செயின்ட் பேங்க்ரஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை வெளியேற்றியபோது குஜராத்திக் குடும்பங்கள் பல அங்கே வந்து சேர்ந்தன. பெல்கிரேவ் சாலையின் சைவக் கடைகளில் மொகோ என்னும் மரவள்ளிப் பொரியல் கிடைக்கும். அது ஆப்பிரிக்கா வழியாக வந்த குஜராத்திச் சுவை, குஜராத்திலேயே தேடினாலும் எளிதில் அகப்படாது. பர்மிங்காமின் ஸ்பார்க்புரூக் பக்கம் பால்ட்டி என்னும் மெல்லிய இரும்புச் சட்டிக் கறிக்குப் பெயர் பெற்றது. பாகிஸ்தானியர் அந்நகரிலேயே உருவாக்கிய உணவு அது. ஒரே நாளில் இரண்டு ஊரையும் முடிக்க நினைக்காதீர்கள், வயிறு ஒன்றுதான்.

பழைய பயண நூல் எதையும் கையில் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். 1951இல் தொடங்கி, பின்னர் ஸ்ட்ராண்டில் இயங்கிவந்த 'இந்தியா கிளப்' இன்னும் பல நூல்களில் வாழ்கிறது. 2023 செப்டம்பரிலேயே அதை மூடிவிட்டார்கள்.

கேள்வி (அம்மாவை வரவேற்கக் காத்திருக்கும் மகள்): அம்மா ஞாயிறு காலை ஹீத்ரோவில் இறங்குகிறார். விமானச் சாப்பாட்டைத் தொடமாட்டார். வீடு ஈஸ்ட் ஹாமில் இருக்கிறது, போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். வழியில் எங்கேயாவது சாப்பிட வைக்க முடியுமா?

பதில்: எலிசபெத் தடத்தில் ஏறுங்கள். ஹேய்ஸ் அண்ட் ஹார்லிங்டனுக்கு அடுத்த நிறுத்தம் சவுத்தால். பெட்டிகளுடன் தெருவில் அலைய வேண்டாம், நிலையத்துக்கு அருகிலேயே காலையில் திறந்திருக்கும் பஞ்சாபிக் கடை எது என்று முந்தின நாளே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவுக்குச் சோளே பட்டூரா கனமாக இருக்கும். வெறும் பராத்தாவும் தயிரும் ஊறுகாயும் வாங்கிக் கொடுங்கள், கூடவே சூடாக ஒரு மசாலா டீ. இட்லி எங்கே என்று அவர் கேட்டால், அதை மறுநாள் காலை ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் பார்த்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை என்பதால் கூட்டம் இருக்காது. முதல் ஈடு எத்தனை மணிக்கு இறங்கும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்.