டிசம்பரில் ரிஷபத்தை வெப் பார்க்காது

வணக்கம் நண்பரே. ரிஷப விண்மீன் குழுவில் ஓர் இளம் விண்மீனை டிசம்பரில் வெப் விண்வெளித் தொலைநோக்கியால் பார்க்க வேண்டும், அதிலிருந்து பீறிடும் வாயுத் தாரையோடு நிறமாலைமானியின் குறுகிய பிளவு பொருந்தக் கோணமும் குறித்தேன், நோக்கலைத் திட்டமிடும் மென்பொருளான ஏபிடி ஒரு நாள்கூடக் காட்டவில்லை என்கிறீர்கள். மென்பொருளில் கோளாறு இல்லை.

டிசம்பரில் ரிஷபம் நடுராத்திரியில் உச்சிக்கு அருகில் வரும். தரையிலிருந்து பார்ப்பவருக்கு அதுதான் நல்ல காலம். வெப்புக்கோ அது சூரியனுக்கு நேரெதிர்த் திசை. ஐந்தடுக்குச் சூரிய மறைப்பின் நிழலை விட்டு ஆடி வெளியே வரவே கூடாது என்பதால், சூரியனிலிருந்து 85 முதல் 135 பாகைக்குள் இருப்பதை மட்டுமே அது பார்க்கும். உங்கள் இலக்குக்கு அப்படிக் கிடைப்பது ஏறக்குறைய ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் நடு வரை, அப்புறம் ஜனவரி நடு முதல் மார்ச் தொடக்கம் வரை. எனவே தேதியை முதலில் நீக்குங்கள்.

அடுத்தது கோணம். இதுதான் பெரிய சிக்கல். தொலைநோக்கி தன் அச்சில் சுமார் 5 பாகைதான் உருள முடியும். இலக்கு சூரியப் பாதையை ஒட்டி இருப்பதால் ஒரு பருவம் முழுக்கக் கோணம் பெரிதாக மாறாது. அடுத்த பருவத்தில் ஏறக்குறைய 180 பாகை திரும்பும். பிளவுக்கு அதுவும் அதே கோடுதான். ஆக, தாரையின் திசை அதில் பொருந்தாவிட்டால் எத்தனை மாதம் காத்திருந்தாலும் பயனில்லை. கோணக் கட்டுப்பாட்டையே விட்டுவிட்டு, வெப்பின் நிறமாலைமானியான நிர்ஸ்பெக்கில் பிளவுக்குப் பதில் ஒரு சிறு பரப்பை முழுதாக எடுக்கும் ஐஎஃப்யூவுக்கு மாறுங்கள். பக்கத்துக்கு 3 விகலை (விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) உள்ள சதுரம் முழுவதற்கும் நிறமாலை கிடைக்கும், தாரை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் சரி.