எமல்ஷன் எண்ணெய்ப் புகை: பாய்லர் பொறியாளரிடம் சில கேள்விகள்

தாரில் தண்ணீர் கலந்து மின்சாரம் எடுத்தார்களாமே, நிஜமா சார்? எங்கள் ஊர் மின்நிலையத்துக்கும் வருமா? (குத்தாலம்)

நிஜம்தான். வெனிசுலாவின் ஓரினோகோ பகுதித் தார் 70 பங்கு, தண்ணீர் 30 பங்கு, இரண்டும் பிரியாமலிருக்கச் சோப்பு மாதிரி ஒரு சரக்கு. இப்படிப் பிரியாத கலவைதான் எமல்ஷன்; இதன் பெயர் ஒரிமல்ஷன். குழாயில் நகராத தாரை ஓட வைக்கத்தான் தண்ணீர். 2006-07 வாக்கில் வெனிசுலாவே அதை நிறுத்திவிட்டது. குத்தாலமும் கோவில்களப்பாலும் எரிவாயுவில் ஓடுபவை, பயம் வேண்டாம்.

கரும்புகை வராது என்கிறார்களே? (திருவாரூர்)

கரும்புகை குறையலாம். தண்ணீர் ஆவியாகிச் சுடரின் சூட்டைத் தணிப்பதால் நைட்ரஜன் ஆக்சைடும் குறையும். கந்தகம் எங்கே போகும் தம்பி? இந்த எரிபொருளில் அது மூன்று சதவீதத்துக்குச் சற்றே குறைவு. டன்னுக்கு 50 கிலோவுக்கு மேல் கந்தக டை ஆக்சைடு வரும். அதைவிடப் பொல்லாதது தாரில் இருக்கும் வனேடியம் என்ற உலோகம். கந்தக அமிலத் தொழிற்சாலையில் வினையூக்கியாகப் போடுவதே வனேடியம் பென்டாக்சைடைத்தான். அதே வேலையை இங்கே புகைக்குள் செய்து அமிலத் துளிகளை உண்டாக்கும். புகைபோக்கி வாயில் வெள்ளை நீராவி கலைந்த பிறகும் நீலச்சாயலாய் ஒரு கோடு நீண்டால், அது அமிலப் புகை. கனடாவின் டல்ஹவுசியில் 1994இல் இந்த எரிபொருளுக்கு மாறியபோது சுண்ணாம்புக் கரைசலால் புகையைக் கழுவும் அமைப்பும் வைத்தார்கள். எரிபொருளின் பெயரைக் கேட்பதைவிட இந்தக் கழுவும் அமைப்பு உண்டா என்று கேளுங்கள்.

பயிருக்கு என்ன ஆகும் ஐயா? (மன்னார்குடி)

கந்தகப் புகை அடர்த்தியாகப் பட்டால் உளுந்து இலை நரம்புகளுக்கு நடுவே வெளுக்கும், நெல்லில் நுனி கருகும். ஆனால் சாம்பல்சத்துக் குறைவிலும் பாக்டீரியா இலைக்கருகலிலும் நுனி கருகத்தான் செய்யும். வேளாண் அலுவலரிடம் காட்டாமல் ஆலையைக் குற்றம் சொல்லாதீர்கள்.

எங்கள் அரிசி ஆலை பாய்லரில் ஃபர்னஸ் ஆயிலோடு தண்ணீர் கலந்தால் எண்ணெய் மிச்சமாம். கலக்கும் கருவி வாங்கலாமா அண்ணே? (நீடாமங்கலம்)

உமி குவிந்து கிடக்கும் ஊரில் எண்ணெய் எதற்கு என்பது வேறு கதை. எண்ணெய்க்குள் நுண்துளியாய் இருக்கும் தண்ணீர் சூட்டில் வெடித்து எண்ணெயைச் சிதறடிக்கும், அதனால் கரி குறையும். பெரிய மிச்சம் தெரிந்தால் உங்கள் பர்னர் நாசில் (எண்ணெயைத் தெளிக்கும் முனை) தேய்ந்திருக்கலாம். முதலில் அதை மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு.