மெக்கானிக் வேலை வேண்டாம் என்பதற்கு முன் ஷிப்ட் சார்ட்டைப் பாருங்கள்

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான், மார்க் சுமார். வண்டி வேலைதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பெரியப்பாவோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி முடித்துவிட்டு முன்பணம் கட்டச் சொல்கிறார். "மெக்கானிக்னா ராத்திரி பத்து மணிக்குத்தான் வீட்டுக்கு வருவான், ஞாயித்துக்கிழமையும் கிடையாது, முப்பது வயசுல இடுப்பு போயிடும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க சார். நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

சொல்கிறேன் அம்மா. கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று எழுதி அனுப்ப எனக்கு இரண்டு நிமிஷம் போதும், அதனால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. முதலில், அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். பெரியப்பா கணக்குப்படியே நான்கு வருஷத்துக்கு ஏழு லட்சம் ஆகிறது, அதில் பாதிக்கு நகையை வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மீதிக்குக் கல்விக்கடன் வாங்கினால் படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். கணக்குப் பாடம் கண்டாலே ஓடுகிற பையனை, அவனே கேட்காத படிப்பில் சேர்க்க நகையை அடகு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த ஒரு விஷயத்தில் சமாதானப் பேச்சுக்கு நான் வரமாட்டேன்.

"நாளைக்குப் பொண்ணு கிடைக்காது" என்று அத்தை சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பதினேழு வயசுப் பையனுக்கு அதைப் பற்றி இப்போது என்ன பேச்சு, விடுங்கள்.

சொந்தக்காரர்கள் சொன்னதில் நியாயமான ஆட்சேபம் ஒன்றே ஒன்று, அது நேரம். ரோட்டோர ஒர்க்‌ஷாப்பில் ஆரம்பிக்கிற நேரம் உண்டு, முடிகிற நேரம் கிடையாது, அது உண்மை. ஆனால் அந்த வழக்கம் வேலையோடு பிறந்ததில்லை, ஒர்க்‌ஷாப்பை நடத்துகிற விதத்தில் வருகிறது. காலையில் எல்லா ஆட்களும் ஒன்பது மணிக்கு வருகிறார்கள். ஆபீஸ் போகிற வழியில் வண்டியை விடுகிறவர்களும் அதே நேரத்துக்குத்தான் வருகிறார்கள், வாசலில் வரிசை. மதியம் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடப் போக, வண்டியைத் தூக்கி நிறுத்துகிற லிஃப்ட் சும்மா நிற்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு வாடிக்கையாளர்கள் டெலிவரிக்கு வந்து நிற்கும்போது பாதி வண்டி முடிந்திருக்காது, ஏதோ ஒரு ஸ்பேர் வரவில்லை என்று மொத்த ஆட்களும் எட்டரை, ஒன்பது வரை நிற்கிறார்கள்.

இதையே ஆட்களின் ஷிப்டை முன்னே பின்னே மாற்றி வைக்கிற இடத்தில் பாருங்கள். ஒரு பேட்ச் காலை ஏழரைக்கு வந்து முந்தின நாள் சாயங்காலம் விட்டுப் போன வண்டிகளைத் தூக்கிவிடும், நாலரைக்குக் கிளம்பிவிடும். அடுத்த பேட்ச் பத்தரைக்கு வந்து ஏழரை வரை இருந்து டெலிவரி பார்க்கும். சாப்பாடும் மாற்றி மாற்றி என்பதால் லிஃப்ட் நிற்பதில்லை, ஒரு ஆளுக்கும் சாப்பாட்டு நேரம் சேர்த்தே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் போகாது, கடையோ பன்னிரண்டு மணி நேரம் ஓடும். இன்னொரு லிஃப்ட் வாங்காமலே அதிக வண்டி பார்க்கலாம் என்பதால் முதலாளிக்கும் லாபம்தான். சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் நிற்பவனுக்கு அந்தக் காலை பேட்ச் எவ்வளவு பெரிய விஷயம் என்று நின்றவனைக் கேட்டால்தான் தெரியும்.

சிக்கலும் இருக்கிறது. பாதி பிரித்த இன்ஜினை ஒருவன் விட்டுப் போனால் அடுத்தவன் எங்கிருந்து தொடங்குவான்? நல்ல இடத்தில் அந்த வண்டிக்கான வேலைச் சீட்டில் (ஜாப் கார்டு) எதுவரை முடிந்தது என்று எழுதி வைப்பார்கள், சரியான இறுக்கத்துக்கு முறுக்க உதவுகிற டார்க் ரெஞ்சில் முறுக்கிய போல்ட் ஒவ்வொன்றிலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டிருப்பார்கள், கோடு இல்லாத போல்ட் இன்னும் முறுக்காதது. இது இல்லாத இடத்தில் ஷிப்ட் முறை என்பது விபத்துக்கு வழி. அப்புறம் இன்சென்டிவ், அதாவது வேலைக்கு ஏற்பச் சம்பளத்துக்கு மேல் தருகிற ஊக்கத்தொகை. ஒரு வண்டியை இரண்டு பேர் பார்த்தால் காசு யாருக்கு என்று சண்டை வரும், டீமாகப் பிரித்துக் கொடுக்கிற இடமா என்று விசாரிக்க வேண்டும். அப்ரண்டிஸாகப் போகிற பையனுக்கு இன்னொன்று முக்கியம்: அவனுக்குச் சொல்லித் தருகிற சீனியர் இருக்கிற ஷிப்டிலேயே அவனும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வருஷம் பூராவும் வாட்டர் வாஷ்தான்.

வாரத்துக்கு நான்கு நாள் வேலை என்று யூடியூபில் பையன் பார்த்திருக்கிறான் போல. அமெரிக்காவில் பல ஒர்க்‌ஷாப்களில் உண்டு, தினம் பத்து மணி நேரம், நான்கு நாள், ஆக 40. இரண்டு டீம் மாறி மாறி வந்தால் கடைக்கு லீவே தேவையில்லை. நம் ஊரில் யாராவது நான்கு நாள் என்று சொன்னால் உடனே மயங்காமல் பெருக்கிப் பாருங்கள், தினம் பன்னிரண்டு மணி நேரம் என்றால், ஆறு நாள் எட்டு மணி நேரமாகப் பார்க்கிற பழைய அதே 48 மணி நேரம்தான். தமிழ்நாட்டிலேயே 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறி, தொழிற்சங்கங்கள் கொதித்ததும் மே தினத்தன்று வாபஸ் ஆனது ஞாபகமிருக்கும். கடைசி இரண்டு மணி நேரத்தில் கை சோர்ந்த ஒருவன் உங்கள் காரின் பிரேக்கைப் பூட்டுவதை நீங்கள் விரும்புவீர்களா? சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை, மேலே போனால் இரட்டிப்புக் கூலி. இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

யாரும் யோசிக்காத இன்னொரு இடம் பஸ் டெப்போ. பஸ் பகலில் ஓடுகிறது, அதனால் பெரும்பாலான வேலை ராத்திரியில். அங்கே ஷிப்ட் என்பது எப்போதுமே உண்டு. சென்னை வியாசர்பாடி டெப்போவிலிருந்து 2025 ஜூனில் மின்சார பஸ்கள் ஓட ஆரம்பித்துவிட்டன, பேட்டரி வண்டி தெரிந்த ஆட்கள் இனி எல்லா ஊரிலும் வேண்டியிருக்கும்.

சரி, இப்போது என்ன செய்வது? அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையம்) 'கம்மியர் மோட்டார் வாகனம்', அதாவது வண்டி மெக்கானிக் என்று ஒரு பிரிவு இருக்கிறது, இரண்டு வருஷம், பத்தாவது பாஸ் போதும். படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ். பையன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளில் புது மெஷின்கள் போட்டு எலக்ட்ரிக் வண்டி மாதிரியான பிரிவுகளும் கொண்டுவந்திருக்கிறார்கள், பக்கத்தில் எது என்று பாருங்கள். பின்னால் அவனுக்கே மேலே படிக்கத் தோன்றினால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். ஆரம்பச் சம்பளம் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன்.

சேர்ப்பதற்கு முன் பையனை ஒரு மாதம் தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள், நாள் பூராவும். வண்டி ஓட்டப் பிடிப்பவன் எல்லாம் கிரீஸுக்குள் கையை விட மாட்டான். பத்தாவது நாளும் காலையில் தானாக எழுந்து கிளம்பினால் தைரியமாகச் சேருங்கள். கிளம்பவில்லையா, அப்போதும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஓட வேண்டாம், எனக்கு மறுபடி எழுதுங்கள். தனியார் ஐடிஐ ஏஜென்ட் யாராவது 'வேலைக்கு கேரண்டி' என்று வீட்டு வாசலுக்கு வந்தால் பணம் எதுவும் கொடுக்காமல், அங்கீகார ஆர்டரின் நகலை மட்டும் கேட்டு வாங்கி வையுங்கள்.