வீடு கட்ட டிசைனர் தேவையா? குமரி, செங்கோட்டைப் பக்கத்துக் கேள்விகள்

கேரள எல்லையோரத்தில் வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைத் திருத்துகிறவர்களும் கேட்டவை இவை. பதில் சொல்பவர் வீட்டு வடிவமைப்பு வேலையில் இருப்பவர்.

மார்த்தாண்டத்தில் 8 சென்ட் இடம். 1,600 சதுர அடி வீட்டுக்கு மேஸ்திரி சதுர அடி 2,400 ரூபாய் என்று பேசியிருக்கிறார். பிளானும் அவரே போட்டுத் தருவாராம். டிசைனர் கட்டும் செலவில் 4 சதவீதம் கேட்கிறார். வீண் செலவுதானே அண்ணாச்சி?

கணக்குப் போட்டுப் பாருங்க. 38,40,000 ரூபாய்க்கு 4 சதவீதம் 1,53,600. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் 1,81,248. மேஸ்திரி பிளானில் ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போக 4 அடி அகலத்தில் 20 அடி நடை இருந்தால், அந்த 80 சதுர அடிக்கு மட்டும் 1,92,000 ரூபாய் ஆகிறது. அறைகளை மாற்றிப் போட்டு அந்த நடையை எடுத்துவிடுகிறவருக்குக் கூலி அதிலேயே தேறிவிடும். குறைக்க எதுவுமில்லாத, நேர்த்தியான பிளானாக இருந்தால் தேறாது.

எந்தத் தாளுக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்க. அனுமதி வாங்கக் கொடுக்கும் வரைபடத்தை வைத்துக் கொத்தனார் வேலை செய்ய முடியாது. வேலைக்கான வரைபடம் தனி. கதவு ஜன்னல் அளவுப் பட்டியல், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் உத்தரம்) மட்டம், ஒயரும் குழாயும் போகும் வழி, குளியலறைத் தரைச் சரிவு, மாடிப்படியின் வெட்டுத்தோற்றம் (நெடுக வெட்டிப் பார்த்தால் தெரியும் படம்) எல்லாம் அதில் இருக்க வேண்டும். கம்பிக் கணக்கு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் வேலை. அது இந்த 4 சதவீதத்தில் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்க.

வெட்டுத்தோற்றம் இல்லாத வீட்டில் முதலில் மாட்டிக்கொள்வது மாடிப்படிதான். தரைக்கும் மாடித் தரைக்கும் 10 அடி 6 அங்குலம் என்று வையுங்க. படி உயரம் 7 அங்குலம் என்றால் 18 படி, இரண்டு பாகமாக ஒன்பது ஒன்பது. மிதிக்கும் இடம் 10 அங்குலம் வைத்தால் ஒரு பாகத்துக்கு 8 மிதி, அதாவது 80 அங்குலம். நடுவில் திரும்பும் தளம் 3 அடி. மொத்தம் 9 அடி 8 அங்குல நீளம் வேண்டும். பிளானில் 8 அடி அறையை விட்டிருந்தால் ஆறு மிதிதான் கொள்ளும், ஒரு படி 9 அங்குலமாகிவிடும். வயதானவர்கள் மாடிக்குப் போவது அன்றோடு நின்றுவிடும். மாடிக் கான்கிரீட் போட்டபிறகு இதைத் திருத்த வழியில்லை.

வண்ணம் வண்ணமாகக் கம்ப்யூட்டர் படம் காட்டுகிறவரைவிட, இந்தப் படிக்கணக்கை எழுதிக் காட்டுகிறவரை நம்பலாம்.

செங்கோட்டை. ஆனி, ஆடியில் மேற்குச் சுவர் உள்பக்கம் ஊறிப் பெயிண்ட் உரிகிறது. வீடு கட்டி நாலு வருஷம்தான். டிசைனர் வைத்திருந்தால் இது வந்திருக்காதா?

நல்லவராக இருந்தால் வந்திருக்காது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சாரலை நேராகக் கொண்டுவருகிற ஊர் உங்களுடையது. மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் அடிக்கும். சமவெளியில் போடுகிற ஒன்றரை அடி சன்ஷேடு இங்கே போதாது. மேற்குப் பக்கம் குறைந்தது 2 அடி வேண்டும், ஓட்டுக் கூரை இறக்கினால் இன்னும் நல்லது. பத்மநாபபுரம் அரண்மனையில் கூரை எவ்வளவு தாழ இறங்கி நிற்கிறது என்று பார்த்தாலே புரியும்.

தண்ணீர் பெரும்பாலும் மூன்று இடத்தில் நுழையும். முதலாவது சன்ஷேடு. அடிப்பக்கம் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே அரை அங்குலக் காடி (நீளப் பள்ளம்) இல்லாவிட்டால் தண்ணீர் சொட்டாமல் அடிப்பக்கமாகவே ஓடிச் சுவருக்கு வந்துவிடும். இரண்டாவது ஜன்னலின் அடிக்கட்டை. வெளிப்பக்கம் சரிவாக, ஓர் அங்குலமாவது சுவருக்கு வெளியே நீட்டிய கிரானைட் வேண்டும். மூன்றாவது கான்கிரீட்டும் செங்கலும் சேரும் இடம். இரண்டும் ஒரே அளவில் விரியாது என்பதால் பூச்சு அங்கே கோடாக வெடிக்கும். பூசுமுன் இணைப்புக்கு இருபுறமும் 6 அங்குலம் வரும்படி கோழிவலை அடித்திருக்க வேண்டும்.

இப்போது என்ன செய்யலாம்? உள்பக்கம் புட்டி, டேம்ப் ப்ரூஃப் பெயிண்ட் அடித்துக் காசைக் கரைக்காதீங்க. வெளியே தண்ணீர் வரும்வரை உள்ளே எது அடித்தாலும் உரியும். மாசியிலிருந்து சித்திரைக்குள் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும்போது வெளிப்பக்க வெடிப்பை ‘வி’ வடிவில் செதுக்கிப் பாலிமர் கலந்த கலவையால் அடையுங்க. பிறகு ஜன்னல் அடிக்கட்டை, சன்ஷேடு மேல்பக்க இணைப்பு. வெளிப்பூச்சுக்கான பெயிண்ட் கடைசியில். ஒரு மழைக்காலம் முழுக்க ஊறாமல் இருந்தால் அதன்பிறகு உள்பக்கம் கை வையுங்க.

களியக்காவிளைக்காரன் நான். மனை பாறசாலைப் பக்கம். நாகர்கோவில் ஆர்க்கிடெக்ட் போதுமா?

வடிவமைக்கப் போதும். 1972 ஆர்க்கிடெக்ட் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிந்தவர் இந்தியா முழுக்க வேலை செய்யலாம். ஆனால் மனை கேரளத்தில் இருப்பதால் அங்குள்ள 2019 பஞ்சாயத்துக் கட்டட விதிதான் செல்லும். கையெழுத்துப் போடுபவர் எஞ்சினியரோ மேற்பார்வையாளரோ என்றால் கேரள உள்ளாட்சித் துறையில் பதிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு விதிப்படி வீட்டைச் சுற்றி விடும் காலியிட அளவை அப்படியே அங்கே கொண்டுபோகாதீங்க.

மார்த்தாண்டத்துக்காரருக்கும் ஒரு வார்த்தை: தமிழ்நாட்டில் 2024-இல் வந்த சுயசான்று அனுமதி (உரிமையாளரே சான்றளித்துப் பெறுவது) 2,500 சதுர அடி வரையுள்ள மனைக்குத்தான். அது ஏறத்தாழ 5.7 சென்ட். உங்கள் 8 சென்ட் அதில் வராது.

ஆர்க்கிடெக்ட், இன்டீரியர் டிசைனர், என்ன வித்தியாசம்?

முன்னவர் பெயருக்குச் சட்டப்பதிவு உண்டு, எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கலாம். பின்னவருக்கு அப்படிப் பதிவு கிடையாது, முடித்த வீடுகளை நேரில் போய்ப் பார்ப்பதுதான் வழி. சுவரை இடிப்பது, தூணைத் தொடுவது இரண்டாமவர் வேலையல்ல.

குலசேகரம். அடுக்களை மட்டும் மாற்றுகிறோம். கடையில் ‘டிசைன் இலவசம்’ என்கிறார்கள்.

அந்தக் காசு பலகை விலைக்குள் இருக்கும். தப்பில்லை, அளவு போட்ட வரைபடத்தைக் கையில் வாங்கிக்கொண்டு இன்னொரு கடையிலும் விலை கேளுங்க. தரமாட்டோம் என்றால் அந்த டிசைன் இலவசமில்லை.

உங்கள் ஊர் ஈரத்துக்கு சிங்க் அடியில் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டுக்குக் குறைந்து எதுவும் வேண்டாம். எம்.ஆர். என்று போட்ட பிளைவுட் உலர்ந்த இடத்துக்கானது. அலுமினிய அலமாரிப் பெட்டி இன்னும் பாதுகாப்பு. பெட்டியைத் தரையிலிருந்து 4 அங்குலக் காலில் நிறுத்தச் சொல்லுங்க. மேடை உயரம் 34 அங்குலம் என்று கண்ணை மூடிப் போடுவார்கள். சமைக்கிறவர் முழங்கையை மடக்கி நிற்கட்டும், அதற்கு 4 முதல் 6 அங்குலம் கீழேதான் மேடை. இண்டக்‌ஷன் அடுப்புக்குத் தனி 16 ஆம்பியர் பாயின்ட், 2.5 சதுர மி.மீ. ஒயர். மீன் கழுவ, தேங்காய் துருவ வெளியே ஒரு மேடையும் குழாயும் வைத்தால் உள்ளே பாதி நாற்றமும் ஈரமும் குறையும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், அதில் அவருக்கு விற்க எதுவுமில்லை.

பெயிண்டும் காம்பவுண்டுச் சுவரும் மட்டும்தான். அதற்கும் டிசைனரா?

வேண்டாம். சுவர் மண்ணைத் தாங்கி நிற்கும் மேட்டு நிலமானால் மட்டும் எஞ்சினியரைக் கேளுங்க.

ஒப்பந்தத்தில் என்ன எழுதிக்கொள்ள வேண்டும்?

எத்தனை வரைபடம், எத்தனை முறை திருத்தம், எத்தனை தடவை இடத்துக்கு வருவார். வருகையை நாள் கணக்கில் எழுதாமல் கட்டத்தோடு எழுதுங்க: அடித்தளம் குறிக்கும்போது, லிண்டல் மட்டத்தில், தளத்துக்குக் கம்பி கட்டி முடித்ததும் கான்கிரீட்டுக்கு முன், குளியலறையில் தண்ணீர் தேக்கிச் சோதிக்கும்போது. பணமும் அதே கட்டங்களில் போகட்டும், கடைசித் தவணை சாவி வாங்கும்வரை கையில் நிற்கட்டும். டைல்ஸ், பிளைவுட் கடையில் அவருக்குக் கமிஷன் உண்டா என்பதையும் கேட்டு எழுதிவிடுங்க. உண்டு என்று ஒத்துக்கொள்கிறவரோடு பேரம் பேசலாம். பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் தெரியும்படி போட்டோ எடுத்துத் தர வேண்டும் என்றும் சேருங்க. பின்னாளில் ஆணி அடிக்கும்போது குழாய் தப்பும்.