குளிர்காலத்தில் கிராமத்து விடுதி: இன்னும் ஹீட்டர் வாங்குவதா, மூடிவிடுவதா?

வாசகர் கேள்வி: கிராமப்புறத்தில் எங்கள் பழைய கல்வீட்டின் ஐந்து அறைகளை பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் விடுதியாக நடத்துகிறோம். கோடையில் அறை காலியாக இருப்பதில்லை. போன குளிர்காலத்தில் சில வாரங்கள் திறந்து பார்த்தோம். அறையில் 21 டிகிரி காட்டியும் விருந்தினர்கள் குளிர்கிறது என்றார்கள். காலையில் ஜன்னல்களில் நீர் வழிந்தது. 150 லிட்டர் வெந்நீர்த் தொட்டி மூன்றாவது ஆள் குளிக்கும்போதே தீர்ந்துவிட்டது. எரிபொருள் செலவு வருமானத்தைத் தின்றது. ஹீட்டர்களைக் கூட்டுவதா, குளிர்காலத்துக்கு மூடிவிடுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஐந்து அறைகளில் இரண்டை, அதிகம் போனால் மூன்றை மட்டும் திறந்து, அவற்றைச் சுவர் வரை சூடாக்கி வையுங்கள். நீங்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை சுவரும் ஜன்னலும் குளிர்ந்து கிடப்பதால் வருபவை.

உடம்பு காற்றை மட்டும் உணர்வதில்லை. சுற்றியுள்ள சுவர், கண்ணாடி, தரை ஆகியவற்றுக்கும் அது வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் நாம் உணரும் வெப்பம், காற்றின் வெப்பத்துக்கும் சுற்றுப்பரப்புகளின் வெப்பத்துக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கும். காற்று 21 டிகிரி, கல்சுவர் 13 டிகிரி என்றால் விருந்தினருக்கு அது 17 டிகிரி அறை. மிதமான, குளிரான நாடுகளில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. உங்கள் விருந்தினர்கள் பொய் சொல்லவில்லை. வெப்பமானிதான் பாதி உண்மையைச் சொல்கிறது.

கனத்த கல்சுவர் மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். மதியம் ஹீட்டரைப் போட்டு மாலையில் விருந்தினரை வரவேற்றால் காற்று மட்டும்தான் சூடாகியிருக்கும். முந்தைய நாளே தொடங்குங்கள். பல நாள் ஆறிக் கிடந்த அறைக்கு இரண்டு நாள்கூட ஆகலாம். குளிர்காலத்தில் குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும் என்ற விதியை நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒரே இரவுக்கு வருபவருக்காகவும் சுவரைச் சூடாக்கும் செலவு அதேதான். வாரம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக முன்பதிவு எடுப்பதைவிட, தொடர்ச்சியாக நான்கைந்து நாள் திறந்து மற்ற நாள்களில் மூடுவது மேல்.

எந்த அறைகளைத் திறப்பது? அழகான அறையை விடுங்கள், வெளிச்சுவர் குறைவாக உள்ள அறையைப் பாருங்கள். அடுத்தடுத்த அறைகள், ஒன்றின் மேல் ஒன்றாக உள்ளவை, சமையலறைக்கு மேலே இருப்பவை ஒன்றுக்கொன்று சூடு தரும். மாடிக்கோடியில் மூன்று பக்கம் காற்று அறையும் அறையை வசந்தம் வரை பூட்டிவிடலாம். ஆனால் பூட்டிய அறையின் வெப்பத்தை அறவே நிறுத்தாதீர்கள். 12, 13 டிகிரியில் வைத்து, கதவின் அடி இடைவெளியை அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் வீட்டின் ஈரமெல்லாம் அந்தக் குளிர்ந்த சுவரில் போய்ப் படிந்து பூஞ்சை பிடிக்கும், அங்கே ஓடும் குழாயும் உறையும்.

திறக்கும் அறையில் முதலில் காற்று புகும் இடங்களைத் தேடுங்கள். காற்றடிக்கும் நாளில் ஊதுவத்திப் புகையை ஜன்னல் சட்டம், கதவோரம், தரைப்பலகை இடுக்கு என்று கொண்டுபோனால் புகை சாயும் இடமெல்லாம் தெரியும். திரைச்சீலை கனமாக இருக்கட்டும். ஆனால் ஜன்னலடியில் ரேடியேட்டர் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் உலோகப் பலகை) இருந்தால் திரை அதன்மேல் விழக்கூடாது. விழுந்தால் சூடு முழுவதும் திரைக்குப் பின்னால் கண்ணாடிக்குப் போய்விடும். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து நகர்த்துங்கள். மெத்தைக்கு அடியிலிருந்தும் குளிர் ஏறும், அதனால் விரிப்புக்குக் கீழே கம்பளி ஒன்று போடலாம். இருவர் படுக்கும் கட்டிலுக்கு ஒரே கனமான போர்வையைவிட ஆளுக்கொன்று தருவது நல்லது. கூடுதல் போர்வை கண்ணில் படும்படி அறையிலேயே இருக்கட்டும். இரவு பதினொரு மணிக்குக் கீழே வந்து கேட்க எந்த விருந்தினருக்கும் மனம் வராது. குளிரில் படுத்துவிட்டு மறுபடி வராமல் போவார்.

ஜன்னலில் வழியும் நீர் தூங்குபவர்களின் மூச்சிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வருகிறது. 20 டிகிரி காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால், 12 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் உறைபனி இரவில் அதைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். விருந்தினர் காலை உணவுக்கு இறங்கியதும் ஜன்னலை முழுக்கத் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடத்தில் மூடுங்கள். ஈரக்காற்று போய்விடும், சுவரின் சூடு போகாது. நாள் முழுக்க ஒரு விரல் அளவு திறந்து வைப்பதுதான் நஷ்டம். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் குளித்த பிறகும் கால் மணி நேரம் ஓடட்டும். துவைத்த படுக்கை விரிப்புகளை அறை ரேடியேட்டரில் உலர்த்தவே கூடாது. ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்து 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் நிறுத்தப் பாருங்கள். புகைக்குழாய் இல்லாத மண்ணெண்ணெய், கேஸ் ஹீட்டர்கள் வேண்டாம். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக அறைக்குள்ளேயே கலக்கிறது.

ஈரம்கூடப் பரவாயில்லை, அந்த ஹீட்டர்களில் உயிருக்கே ஆபத்து உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்குவதால் பயணக் களைப்பு என்றோ சளிக்காய்ச்சல் என்றோ நினைத்துப் படுத்துவிடுவார்கள். ரத்தத்தில் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். கணப்பு, விறகடுப்பு, பாய்லர் இருக்கும் ஒவ்வொரு அறையிலும், புகைபோக்கி கடந்து போகும் படுக்கையறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஒரு விருந்தினரைக்கூட ஏற்காதீர்கள். புகைபோக்கியை ஆண்டுக்கு ஒரு முறையாவது, பருவம் தொடங்கும் முன், தொழில் தெரிந்தவரைக் கொண்டு சுத்தம் செய்யுங்கள். விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். பச்சை விறகு சூடு தராமல் புகையும், அந்தப் புகை தாராகப் படிந்து புகைபோக்கியே தீப்பிடிக்கும். அணைந்ததாகத் தெரியும் சாம்பலுக்குள் நாள்கணக்கில் கங்கு இருக்கும். மூடியுள்ள உலோக வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள்.

வெந்நீர் தீர்ந்ததற்குக் கணக்கு இருக்கிறது. எட்டு நிமிட ஷவருக்கு 40 டிகிரி நீர் 80 லிட்டர் வேண்டும் என்று வைப்போம். கோடையில் குழாய் நீர் 18 டிகிரி என்றால், அதற்கு 60 டிகிரித் தொட்டிநீர் 42 லிட்டர் போதும். குளிர்காலத்தில் குழாய் நீர் 5 டிகிரிக்கு இறங்கினால் 51 லிட்டர் ஆகிவிடும். தொட்டிக்குள் புகும் குளிர்ந்த தண்ணீர் கலப்பதால் 150 லிட்டரும் பயன்படாது. மூன்றாவது ஆள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் ஷவர் தலையை மாட்டினால் அதே குளியலுக்குத் தொட்டிநீர் 31 லிட்டர்தான். புதுத் தொட்டியைப் பற்றிப் பிறகு யோசியுங்கள். மிச்சம் பிடிப்பதற்காகத் தொட்டியின் வெப்பத்தை மட்டும் 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். 20 முதல் 45 டிகிரி வரையிலான நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும், அது நிமோனியா தரும். 60 டிகிரி நீர் தோலைச் சுட்டுவிடும் என்பதால் குழாயருகே குளிர்நீரைச் சேர்த்துச் சூட்டைக் குறைக்கும் கலப்பு வால்வு வேண்டும். தேங்கிய நீரில் கிருமி வளராமல் இருக்க, பூட்டிய அறைகளின் குழாய்களை வாரம் ஒரு முறை திறந்து சில நிமிடம் ஓடவிடுங்கள்.

உறையும்போது நீர் ஏறக்குறைய 9 விழுக்காடு விரியும், குழாய் வெடிப்பது அதனால்தான். பரண், வெளிச்சுவரோரம், தரைக்கடியில் போகும் குழாய்களுக்கு உறை போடுங்கள். வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் முக்கிய வால்வு எங்கே என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

காலை உணவை அரைமணி நேரம் தள்ளிவையுங்கள், விடிவதே தாமதம். சாப்பாட்டு அறையை ஒரு மணி நேரம் முன்பே சூடாக்கி, தட்டுகளையும் சூடாக்கிவிடுங்கள். வாசலில் ஈர பூட்ஸுக்கும் கோட்டுக்கும் உலரும் இடம் வேண்டும். நடைபாதை உறைபனிக்குச் சாதாரண உப்பு ஓரளவுக்குத்தான் உதவும். குளிர் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே போனால் அது வேலை செய்யாது, மணலைத் தூவுங்கள்.

லாபக் கணக்கை மீட்டரை வைத்துப் போடுங்கள். ஓர் அறை மட்டும் திறந்த வாரத்திலும் இரண்டு திறந்த வாரத்திலும் அளவைக் குறித்து ஒப்பிட்டால், அடுத்த அறையைச் சூடாக்க இரவுக்கு எவ்வளவு ஆகிறது என்று தெரிந்துவிடும். அதோடு சலவை, உணவு, துப்புரவுச் செலவைச் சேர்த்து, அதற்கும் கீழே அறை வாடகையைக் குறைக்காதீர்கள். காலியாக இருக்கிறதே என்று தள்ளுபடி கொடுத்துத்தான் பலர் குளிர்காலத்தில் நஷ்டப்படுகிறார்கள்.

சாலை பனியால் மூடிப் போனால் என்ன செய்வீர்கள் என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். வர முடியாதவருக்குத் தேதியை மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பது தெளிவாக இருக்கட்டும். கிளம்ப முடியாமல் மாட்டிக்கொள்பவருக்குக் குறைந்த வாடகையில் இன்னொரு இரவு கொடுங்கள். மின்சாரம் போனாலும் சமைக்கக்கூடிய உணவு மூன்று நாளுக்கும், அறைக்கொரு டார்ச்சும், விறகும் கையிருப்பில் இருக்க வேண்டும். வந்து சேரும் நாளன்று காலையில் சாலை நிலவரத்தைச் சொல்லி, இருட்டும் முன் வரும்படி நீங்களே ஃபோன் செய்யுங்கள்.