பிள்ளைகளுக்கு வரும் மயக்கமும் இதயத் துடிப்பும்: கேள்வி பதில்

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய்மாமன்: ஐயா, அக்கா மகனுக்கு 12 வயது. கிணற்றில் நீந்தும்போது நினைவு தப்பி, கை கால் இழுத்துக்கொண்டது. வலிப்பு மாத்திரை சாப்பிட்டும் மறுபடி வந்துவிட்டது. இது இதயக் கோளாறாக இருக்குமா?

இருக்கலாம். ஈசிஜி பார்த்து முடிவு தெரியும்வரை பையனைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஒவ்வொரு துடிப்புக்கும் இதயச் செல்லுக்குள் முதலில் சோடியம் பாய்கிறது. அப்புறம் பொட்டாசியம் வெளியேறினால்தான் செல் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். அந்தப் பொட்டாசியம் போகும் வழிகளில் ஒன்றை அமைப்பது கேசிஎன்க்யூ1 என்ற மரபணு. அதில் பிழை இருந்தால் செல் தயாராவது தாமதமாகும். இதயத்தின் கீழறைகள் துடித்து மறுபடி தயாராக ஆகும் நேரத்தை ஈசிஜியில் க்யூடி இடைவெளி என்போம், அது நீண்டு தெரியும். ஓடும்போதோ நீந்தும்போதோ அட்ரினலின் ஏறி இதயம் வேகமெடுக்கும். சாதாரண இதயம் அதற்கேற்பத் தயாராகும் நேரத்தைச் சுருக்கிக்கொள்ளும், பிழையுள்ள இதயத்தால் அது முடியாது. தாளம் தவறி, கீழறைகள் வெறுமனே நடுங்கும். மூளைக்கு ரத்தம் போகாததால் பிள்ளை விழுகிறான், உடம்பு உதறுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அச்சு அசல் வலிப்புதான். இந்த வகைக்கு நீச்சல் பேர்போன தூண்டுதல்.

கேசிஎன்எச்2 மரபணுவில் பிழை என்றால் அலாரம், வெடிச் சத்தம் போன்ற திடீர் ஓசையில் மயக்கம் வரும். எஸ்சிஎன்5ஏ என்றால் பெரும்பாலும் தூக்கத்தில். அதனால் விழுவதற்கு முந்தைய நொடியில் பையன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். நோய் உறுதியானால் அட்ரினலின் வேகத்தை அடக்கும் புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை பெரும்பாலான பிள்ளைகளைக் காப்பாற்றிவிடுகிறது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஈசிஜி எடுங்கள். பெற்றோரில் ஒருவருக்குப் பிழை இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

காட்பாடி: என் மகள் ஓடினால் மயங்குகிறாள். ஈசிஜி நார்மல் என்கிறார்கள். நிம்மதியாக இருக்கலாமா சார்?

இருக்க வேண்டாம். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி நார்மலாகவே இருக்கும் நோய் ஒன்று உண்டு. ஆர்ஒய்ஆர்2 மரபணுப் பிழையால் செல்லுக்குள் கால்சியம் கசிவது. டிரெட்மில் பரிசோதனையில்தான் பிடிபடும். கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

ஆம்பூரிலிருந்து ஒரு அம்மா: நாங்கள் சொந்தத்தில் கட்டியவர்கள். பெண்ணுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இப்போது பயந்தால் மயங்கி விழுகிறாள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு அம்மா, தள்ளிப்போடாமல் பாருங்கள். ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரு மருத்துவர்கள் 1957இல் விவரித்த நோயாக இருக்கலாம். மேலே சொன்ன அதே பொட்டாசியம் வழி உள்காதுக்கும் வேண்டும். அங்குள்ள திரவத்தில் பொட்டாசியம் நிறைந்தால்தான் காது கேட்கும். அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால் காதும் போகும், துடிப்பும் கெடும். மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டும்போது, தாத்தா பாட்டியிடம் இருந்த ஒரே பிழை இரு பக்கமும் இறங்கி வந்து பிள்ளையிடம் சேர வாய்ப்பு கூடுகிறது. பெற்றோர் இருவரிடமும் அது இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு. உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள். காது கேளாத பிள்ளைகளில் மிகச் சிலருக்கே இது இருக்கும். ஆனால் அப்படிப்பட்ட பிள்ளை மயங்கினால் ஈசிஜி எடுக்காமல் விடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மரபணு ஆலோசனைக்கு வேலூர் சிஎம்சியிலேயே தனிப் பிரிவு இருக்கிறது.

ஆற்காடு: மாமனாருக்கு ஏட்ரியல் பிப்ரிலேஷன். பேரப்பிள்ளைகளுக்கும் வருமா?

இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பதுதான் ஏட்ரியல் பிப்ரிலேஷன். அந்த வயதில் பெரும்பாலும் பிபி, வால்வுக் கோளாறு, முதுமைதான் காரணம். பிள்ளைகளை நினைத்துப் பயப்பட வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை மட்டும் அவர் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விட்டால் பக்கவாதம் வரலாம்.

வாணியம்பாடி: எனக்கு க்யூடி நீளம். மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?

டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். எரித்ரோமைசின், அசித்ரோமைசின், வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன் எல்லாம் பொட்டாசியம் வழியை அடைப்பவை. வயிற்றுப்போக்கு வந்தாலும் உடம்பில் பொட்டாசியம் குறையும், அன்றே டாக்டரைப் பாருங்கள். க்யூடி நீளம் என்று எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.