வீட்டில் வைத்துப் பார்க்கப்படும் வயதானவர்களின் வாழ்க்கைத் தரத்தை எப்படி அளப்பது?

கேள்வியோடு இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "அம்மம்மாவுக்குக் காது மந்தம், படிவத்துக்கு நாங்களே பதில் சொன்னால் போதாதா?" போதாது. அப்படி நிரப்பி மாட்டுப்பட்டவள் நான்.

கிளிநொச்சிப் பக்கம் வீடு வீடாகப் போய் நோயாளரைப் பார்க்கும் குழுவொன்றில் கொஞ்சக் காலம் இருந்தேன். தாதி புண்ணுக்கு மருந்து கட்டுவார், பிறஷர் பார்ப்பார். படிவம் என் பாடு. இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஓரம் ஒரு ஐயா, வயல் செய்தவர். பாரிசவாதத்தில் வலப்பக்கம் இழுத்துவிட்டது. பேச்சு குழறும், ஆனால் விளங்கும். முதல் நாள் மகளே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், நானும் அவசரத்தில் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். எல்லாம் அடிமட்டம்.

தாதி அதற்கு முன்பே பார்தல் சுட்டெண் போட்டிருந்தார்: 100க்கு 40. 1965இல் வந்த அளவுகோல் அது. சாப்பாடு, குளிப்பு, கழிவறை, படியேறுவது என்று 10 விஷயங்களில் ஆளுக்கு எவ்வளவு துணை வேண்டும் என்று பார்க்கும்; துணை குறையக் குறைய எண் கூடும். பராமரிப்பைத் திட்டமிட நல்லது. ஆனால் பலர் அதையே வாழ்க்கைத் தரம் என்று எழுதிவிடுகிறார்கள். குளிக்க ஆள் வேண்டும் என்பது வேறு, சீவியம் கசக்கிறது என்பது வேறு.

என் கையில் இருந்தது ஈக்யூ-5டி என்ற வாழ்க்கைத் தரப் படிவம். நடமாட்டம், தன்னைத் தானே பார்ப்பது, வழக்கமான அலுவல்கள், வலி, பதற்றமும் சோர்வும் என்று 5 கேள்விகள், கடைசியில் 0 முதல் 100 வரை ஒரு செங்குத்துக் கோடு. இன்றைய நிலையை மட்டும்தான் கேட்கும். கிளினிக்குக்குப் போய் வெயிலில் காய்ந்து வந்த நாளில் கேட்டால் அந்தக் களைப்புத்தான் பதிலாக வரும்.

இரண்டாம் முறை மகளைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டு ஐயாவிடம் கோட்டைக் காட்டினேன். பேசாமல் பார்த்தார். "சரி ஐயா, குளம் 36 அடியில நிறையும் எல்லே? உங்கட சீவியத்தை ஒரு குளம் எண்டு வையுங்கோ. இப்ப எத்தனை அடி நிக்குது?"

"இருவத்தி நாலு" என்றார், யோசிக்காமல்.

"மிச்சப் பன்ரெண்டு அடி எங்க போச்சு?"

கால் என்று சொல்வார் என நினைத்தேன். "இரவில சலத்துக்குப் பிள்ளையை எழுப்ப வேண்டிக் கிடக்கு. மூண்டு தரம், நாலு தரம். அதுதான்."

இது அங்கீகரிக்கப்பட்ட முறை அல்ல. படிவத்தின் கோடு அன்றைய உடல்நலத்தைக் கேட்கிறது, நான் கேட்டது சீவியத்தை. அடியை நூற்றுக்கு மாற்றி அதன் மதிப்பெண்ணாக எழுதக் கூடாது. ஆளைப் பேச வைக்கத்தான் குளம், அப்புறம் படிவத்தை அதில் உள்ளபடியே கேட்க வேண்டும்.

வார்த்தையிலும் கவனம் வேண்டும். "பதற்றம், மனச்சோர்வு இருக்கிறதா?" என்றால் எங்கள் ஆச்சிமார் இல்லை என்பார்கள். "யோசனை ஏதும் இருக்கோ? அந்தரமா இருக்கோ?" என்றால் அரை மணித்தியாலம் கதைப்பார்கள்.

பெரிய படிவம் வேண்டுமென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் வூகால்-பிரீஃப், 26 கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது. உடல், மனம், உறவு, சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதி. எங்கள் ஊர்களுக்குச் சுற்றுச்சூழல் பகுதி முக்கியம், ஏனென்றால் காசு, போக்குவரத்து, வைத்திய வசதி எல்லாம் அதற்குள்தான் வரும். தாம்பத்திய உறவு பற்றியும் ஒரு கேள்வி உண்டு. எண்பது வயது ஆச்சியிடம் அதை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

முதியோருக்கென்று அதோடு சேர்க்க 24 கேள்விகள் தனியாக இருக்கின்றன, மரணத்தைப் பற்றியும் கேட்கும். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். மல்லாவியில் ஒரு ஆச்சி, "சாவுக்கு என்ன பயம் மோனை, 2009இல எல்லாம் பாத்தாச்சு. கிடையில கிடந்து பிள்ளையளுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

வீட்டாரைக் கேட்கவே கூடாது என்றில்லை. நடக்கிறாரா, குளிக்கிறாரா போன்ற கண்ணுக்குத் தெரிகிற விஷயங்களில் இருவர் பதிலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். வலி, மனநிலை என்று வந்தால் பிரியும், பராமரிக்கிறவர் நோயாளி சொல்வதைவிட வாழ்க்கைத் தரத்தைக் குறைத்தே போடுவார் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. மறதி நோய் முற்றியவருக்கோ பேச்சே இல்லாதவருக்கோ வேறு வழியில்லை. அப்போது "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்" என்று கேட்டீர்களா, "அவரால் சொல்ல முடிந்தால் என்ன சொல்வார்" என்று கேட்டீர்களா என்பதைக் குறித்துவையுங்கள். இரண்டும் வேறு. பதில் சொன்னது யார் என்பதையும் எழுதி, அடுத்த முறையும் அவரையே கேளுங்கள். உங்கள் அம்மம்மாவுக்குக் காதுதானே பிரச்சினை? நல்ல காதுப் பக்கம் இருந்து கேளுங்கள், இல்லையென்றால் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள்.

ஐயாவின் கட்டிலோடு ஒரு சலப்போத்தலை இடக்கை எட்டும் இடத்தில் கட்டிவிட்டோம். அடுத்த மாதம் 29 அடி என்றார். கால் அப்படியேதான் இருந்தது, பார்தலும் அதே 40.

போகிற போக்கில் மகளிடமும் அப்பாவின் குளத்தைக் கேட்டேன். "பத்து அடி வருமோ தெரியாது" என்றார், கண்ணெல்லாம் நித்திரை இல்லாத சிவப்பு. அது யாருடைய குளம் என்று எனக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. பராமரிப்பவரின் சுமையை அளக்க ஸாரிட் என்று 22 கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. என் பையில் அது இருக்கவில்லை.